வேகமாக வளர்ந்த மீன் ஏன் தோற்றது?

கனடா நாட்டின் கிழக்குக் கரைக்கு அருகே ஒரு சிறு தீவு இருக்கிறது. அதன் பெயர் பிரின்ஸ் எட்வர்டு தீவு. அங்கே ஒரு மீன் பண்ணை இருந்தது.

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்தப் பண்ணையின் சொந்தக்காரர்கள் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்கள். பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது, மீன் வளர்ப்புத் தொழிலை நிறுத்திக்கொள்கிறோம் என்பதே அதன் சாரம். அவர்கள், அமெரிக்காவைச் சேர்ந்த அக்வாபவுண்டி என்ற கம்பெனியார்.

தினமும் எத்தனையோ கம்பெனிகள் திறக்கின்றன, மூடுகின்றன. இதில் என்ன புதுமை?

புதுமை இருக்கிறது. அந்தக் கம்பெனி வளர்த்தது சாதாரண மீன் அல்ல. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும்படி பிறப்பிலேயே மாற்றி அமைக்கப்பட்ட சால்மன் மீன்! மனிதர்கள் சாப்பிடுவதற்கென்று, மரபணு மாற்றப்பட்ட ஒரு பிராணிக்குச் சர்க்கார் அனுமதி கிடைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

மூன்று வருடத்தில் வளர வேண்டிய மீன், ஒன்றரை வருடத்திலேயே விற்பனைக்குத் தயாராகிவிடும். பாதி காலத்தில் முழு மீன்! அப்படியானால் லாபம் கொட்டியிருக்க வேண்டுமே? ஏன் கடையை மூடினார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இல்லை. மீனின் சதையிலும் கொஞ்சம் இருக்கிறது.

எப்படி உண்டாக்கினார்கள்?

சால்மன் குளிர்ந்த கடல்களில் வாழும் மீன். சதை இளஞ்சிவப்பாக இருக்கும். மேல்நாட்டார் விரும்பி உண்பார்கள். நார்வே, சிலி, ஸ்காத்லாந்து, கனடா ஆகிய இடங்களில் இதைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள்.

ஒரு சங்கடம் உண்டு. குளிர்காலம் வந்தால் சால்மனின் வளர்ச்சி மந்தமாகிவிடும். பண்ணைக்காரர் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

1989-ல் கனடாவின் நியூபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்தார்கள். பசிபிக் கடலில் சினூக் என்று ஒரு பெரிய சால்மன் இனம் உண்டு. அதனுடைய வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை எடுத்தார்கள். ஓஷன் பவுட் என்று விலாங்கு போன்ற இன்னொரு மீன் உண்டு. உறைபனித் தண்ணீரிலும் அதன் ரத்தம் உறையாது. அதற்கான ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணுவுக்கு ஒரு ‘சுவிட்சு’ இருக்கிறது. அந்தச் சுவிட்சையும் எடுத்தார்கள்.

இரண்டையும் இணைத்து, அட்லாண்டிக் சால்மன் முட்டைக்குள் செலுத்தினார்கள். பலன்? வளர்ச்சி ஹார்மோன் வருடம் முழுவதும் சுரந்தது. குளிர்காலத்திலும் மீன் வளர்ந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மீன் ராட்சத மீன் ஆகிவிடவில்லை. மற்ற சால்மன் எந்த அளவுக்கு வளருமோ, அந்த அளவுக்குத்தான் இதுவும் வளரும். சீக்கிரம் வளரும், அவ்வளவுதான்.

கட்டுவதும் இடிப்பதும்

உடம்பு வளர்வது என்றால் என்ன? புதிய சதை உண்டாவது என்று எல்லோரும் சொல்லுவார்கள். அது பாதி உண்மை.

மீனின் எடையில் ஏறக்குறையப் பாதி சதை. அந்தச் சதை புரதத்தால் ஆனது. புரதம், அமினோ அமிலம் என்ற சின்னச் சின்னச் செங்கற்களால் கட்டப்பட்டது. மீன் தீனி தின்றால் செங்கல் வரும். உடம்பு அதைக் கொண்டு சதையைக் கட்டும்.

ஆனால் கட்டிய சுவர் அப்படியே நிற்பதில்லை. உடம்புக்குள் கட்டும் வேலையும் இடிக்கும் வேலையும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பழசாகிப்போன புரதத்தை உடம்பே இடிக்கிறது. அதிலிருந்து வரும் செங்கல்லை வேறு இடத்தில் வைத்துக் கட்டுகிறது. மீனில் மட்டும் அல்ல. மனிதர் உடம்பிலும் இப்படித்தான்.

கட்டுவது அதிகம், இடிப்பது குறைவு என்றால், அதற்குப் பெயர் வளர்ச்சி. இடிப்பது அதிகம் என்றால், அதற்குப் பெயர் மெலிவு.

இடிக்கும் வேலைக்கு உடம்பில் பல ஏற்பாடுகள் உண்டு. முக்கியமானவை மூன்று.

முதலாவது, வேண்டாத புரதத்துக்கு ஓர் அடையாளச் சீட்டு ஒட்டி, அதைத் துண்டு போடும் ஏற்பாடு. இதைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது, செல் தன் உள்ளே இருப்பதையே ஒரு பை போலச் சுற்றி எடுத்துக் கரைக்கும் ஏற்பாடு. இது நடக்கும் விதத்தை விளக்கிய ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது, சுண்ணாம்புச் சத்தால் தூண்டப்பட்டு, சதை நாரைக் கத்தரிக்கும் நொதிகள்.

பண்ணை மீனைப் பற்றி ஆராய்கிறவர்கள் இந்த இடிக்கும் வேலையைத்தான் இப்போது கூர்ந்து கவனிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. சால்மன் வளர்க்க ஆகும் செலவில் ஏறக்குறையப் பாதி தீனிக்கே போகிறது. தீனியில் விலை கூடிய பொருள் புரதம். அந்தப் புரதம் சதையாக நின்றால் லாபம். இடிந்து கரைந்து போனால் நஷ்டம்.

மேஸ்திரியும் கொத்தனாரும்

இந்தக் கட்டிட வேலைக்கு மேஸ்திரி யார்? அதுதான் வளர்ச்சி ஹார்மோன்.

மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அங்கிருந்து புறப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. ஈரலுக்குப் போகிறது. அங்கே ஐ.ஜி.எப். என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. இந்த ஐ.ஜி.எப்.தான் கொத்தனார். சதைக்குப் போய்க் கட்டும் வேலையை முடுக்கிவிடுகிறது. அதோடு, இடிக்கும் வேலையையும் அடக்கி வைக்கிறது.

மேஸ்திரி சொல்கிறார், கொத்தனார் கட்டுகிறார். எல்லாம் சரி. செங்கல் வராவிட்டால்?

முதலுக்கே மோசம்

மீனுக்குத் தீனி கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும்?

முதலில், ஈரலில் சேர்த்து வைத்துள்ள மாவுச்சத்து செலவாகும். அடுத்து, கொழுப்பு கரையும். பட்டினி நீண்டுகொண்டே போனால், சதையிலேயே கை வைக்க வேண்டியதுதான். வட்டி தீர்ந்தபின் முதலை எடுத்துச் சாப்பிடுவதைப் போல!

அப்போதும் மீனின் உடம்பு கண்ட இடத்தில் கை வைப்பதில்லை. மீன் நறுக்கும் பெண்மணிகளுக்குத் தெரியும். பெரும்பாலான சதை வெளுப்பாக இருக்கும். பக்கவாட்டில், தோலுக்கு அடியில், கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். சிவப்புச் சதை, நாள் முழுவதும் நீந்துவதற்கு. வெளுத்த சதை, அவசரத்துக்குப் பாய்ந்து ஓடுவதற்கு. பட்டினியில் மீன் முதலில் கரைப்பது வெளுத்த சதையைத்தான். சிவப்புச் சதையைக் கூடியமட்டும் காப்பாற்றிக்கொள்ளும்.

இயற்கையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பசிபிக் கடலின் சாக்கை என்னும் சால்மன், முட்டையிடும் காலத்தில் கடலை விட்டு ஆற்றில் ஏறும். கனடாவின் பிரேசர் ஆற்றில் சில கூட்டங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் எதிர்நீச்சல் போடுகின்றன. வழியில் ஒரு வாய் தீனி கிடையாது. முட்டையிடும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் உடம்பில் உள்ள கொழுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. புரதத்திலும் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. முட்டையிட்டதும் உயிரை விடுகிறது.

தன் சதையைத் தானே கரைத்துத் தன் வம்சத்தைக் காப்பாற்றுகிறது அந்த மீன்!

பட்டினியில் கூடும் ஹார்மோன்

இங்கே ஓர் ஆச்சரியம். பட்டினி கிடக்கும் மீனின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறையும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் அது கூடுகிறது!

ஆனால் ஈரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ஐ.ஜி.எப். குறைந்துவிடுகிறது. மேஸ்திரி சத்தம் போடுகிறார், கொத்தனார் வருவதில்லை. செங்கல் இல்லாத இடத்தில் கொத்தனாருக்கு என்ன வேலை?

அப்படியானால் மேஸ்திரி சும்மா இருக்கிறாரா? இல்லை. அந்தச் சமயத்தில் அவருக்கு வேறு உத்தியோகம். கொழுப்பை எடுத்து எரிக்கச் சொல்லுகிறார். கொழுப்பு எரிகிறவரையில் சதை தப்பும் அல்லவா? வயிறு நிறைந்திருக்கும்போது வளரச் சொல்லும் அதே ஹார்மோன், வயிறு காய்ந்திருக்கும்போது கொழுப்பைச் செலவழித்துச் சதையைக் காக்கச் சொல்லுகிறது.

மறுபடியும் தீனி கிடைத்ததும் காட்சி மாறுகிறது. ஐ.ஜி.எப். ஏறுகிறது. இடிக்கும் வேலை மளமளவென்று அடங்குகிறது. மீன் வழக்கத்தைவிட அதிகமாகத் தின்று வேகமாக வளர்கிறது. பல சமயம் இழந்த எடையை எட்டிப் பிடித்துவிடுகிறது. தாண்டிப் போவது மட்டும் அபூர்வம்.

வேக மீனைப் பட்டினி போட்டபோது

சாதாரண மீனில் இந்த ஹார்மோன் சமயம் பார்த்துக் கூடும், குறையும். மரபணு மாற்றிய மீனில்? சுவிட்சு எப்போதும் போட்டபடியே இருக்கிறது. அந்த மீனுக்குத் தீனியை நிறுத்தினால் என்ன ஆகும்?

கனடா விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். 2000-ம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. வேகமாக வளரும் சால்மனையும் சாதாரணச் சால்மனையும் 8 வாரம் பட்டினி போட்டார்கள்.

வேக மீன், சாதாரண மீனைவிட அதிகமாகப் பிராண வாயுவைச் செலவழித்தது. கொழுப்பையும் புரதத்தையும் சீக்கிரமாகக் கரைத்தது. அதற்குக் கையிருப்பும் குறைவு; செலவும் அதிகம். பண்ணைக்கு வெளியே, தீனிக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் இந்த மீன் பிழைப்பது கடினம் என்று அந்த விஞ்ஞானிகள் கருதினார்கள்.

அதே சோதனை வரிசையில் இன்னொன்றும் தெரிந்தது. தீனி தாராளமாகக் கிடைத்தபோது, தின்ற தீனியைச் சதையாக மாற்றுவதில் வேக மீன் சுமார் 10 சதவீதம் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. நல்ல காலத்தில் லாபம். கெட்ட காலத்தில் நஷ்டம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஹார்மோன் அகப்பையைப் பெரிதாக்கியது. சட்டியை நிரப்ப அதனால் முடியாது.

2004-ல் இன்னொரு சோதனை வெளிவந்தது. அது கோஹோ என்னும் வேறு சால்மன் இனத்தில் நடந்தது. ராபர்ட் டெவ்லின் என்ற கனடா விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும், வளர்ச்சி ஹார்மோன் மாற்றிய மீன்களையும் சாதாரண மீன்களையும் தொட்டிகளில் கலந்து விட்டார்கள். தீனி ஏராளமாக இருந்தபோது இரண்டும் சேர்ந்து வளர்ந்தன. தீனியைக் குறைத்தார்கள். ஹார்மோன் மீன்கள் மற்றவற்றைத் துரத்தின, தின்றன. ஹார்மோன் மீன் இருந்த தொட்டிகளில் மீன் கூட்டமே சரிந்தது. சில தொட்டிகளில் அடியோடு அழிந்தது. சாதாரண மீன்கள் மட்டும் இருந்த தொட்டிகளில், குறைந்த தீனியிலும் பெரும்பாலானவை பிழைத்தன.

பண்ணையிலும் விரதம் உண்டு

பண்ணை மீனுக்குத்தான் வேளா வேளைக்குத் தீனி கிடைக்குமே, பட்டினி எங்கே வந்தது என்று கேட்கலாம்.

பண்ணைக்காரர்களே மீனைப் பட்டினி போடுவது உண்டு. வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் முன்பும், கடல் பேன் என்னும் ஒட்டுண்ணியை நீக்கும் முன்பும், அறுவடைக்கு முன்பும் சில நாள் தீனியை நிறுத்துவார்கள். குடல் காலியாகும். தண்ணீர் அசுத்தப்படாது. வயிறு காலியான மீனுக்குப் பிராண வாயுவும் குறைவாகவே தேவைப்படும்.

இரண்டு மூன்று நாள் பட்டினியால் பெரிய மீனின் சதை கரைந்துவிடுவது இல்லை. மீன் குளிர்ந்த ரத்தப் பிராணி. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் உடம்புச் செலவும் குறைவு. தண்ணீர் சூடாக இருந்தால் கையிருப்பு சீக்கிரம் தீரும். ஆகையால் எத்தனை நாள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீரின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாரக் கணக்கில் பட்டினி போட்டால்? சதையில் புரதம் குறைந்து தண்ணீர் கூடும். மீனுக்கு அது துன்பம். மேல்நாட்டில் பிராணிகள் நலனில் அக்கறை உள்ளவர்கள் இதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று வாதாடுகிறார்கள். வாய் இல்லாத ஜீவன் என்பதற்காக எத்தனை நாளும் காயப்போடலாமா என்பது நியாயமான கேள்விதானே?

சாப்பிடலாமா? கூடாதா?

மரபணு மாற்றிய சால்மனை அமெரிக்காவின் உணவு, மருந்து இலாகா பல ஆண்டு பரிசீலித்தது. 2015 நவம்பரில் அனுமதி கொடுத்தது. மற்ற சால்மனைப் போலவே இதையும் சாப்பிடலாம் என்று சொன்னது. 2016-ல் கனடாவும் அனுமதித்தது. 2017-ல் கனடாவில் விற்பனை ஆரம்பமாயிற்று. அமெரிக்காவில் 2021-ல்தான் விற்பனைக்கு வந்தது.

மீனின் வளர்ச்சி ஹார்மோன் மனிதரைப் பாதிக்காதா? அந்த ஹார்மோனும் ஒரு புரதம். வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். அதுவும் போக, மீன், மாடு போன்றவற்றின் வளர்ச்சி ஹார்மோன் மனித உடம்பில் வேலை செய்யாது. பூட்டு வேறு, சாவி வேறு.

ஆனால் தகராறு அதோடு முடியவில்லை. இரண்டு கேள்விகள் நின்றன.

முதல் கேள்வி: வாங்குகிறவருக்கு விஷயம் தெரிய வேண்டாமா? கனடாவில் இந்த மீன் விற்றபோது, மரபணு மாற்றியது என்று சீட்டு ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டுக்குச் சமையல் செய்கிறவர், தட்டில் வைப்பது எந்த மீன் என்று தெரியாமலே வாங்கியிருக்கலாம். அமெரிக்காவில் இத்தகைய உணவுகளுக்கு அறிவிப்பு வேண்டும் என்ற சட்டம் 2022 ஜனவரி முதல் கட்டாயம் ஆயிற்று.

இரண்டாவது கேள்வி: மீன் தப்பித்துக் கடலுக்குப் போனால்? தப்பிக்காமல் இருக்கத் தரையில் தொட்டி கட்டி வளர்த்தார்கள். இனம் பெருகாமல் இருக்க, மலட்டுப் பெண் மீன்களாக வளர்த்தார்கள். இருந்தாலும் சந்தேகம் தீரவில்லை.

மீனவர் சங்கங்களும், சுற்றுப்புறத்தைக் காக்கும் அமைப்புகளும், வாஷிங்டன் மாநிலத்துக் குவினால்ட் என்னும் பழங்குடியினரும் கோர்ட்டுக்குப் போனார்கள். குவினால்ட் மக்களுக்குச் சால்மன் வெறும் வியாபாரச் சரக்கு அல்ல. தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய உணவும் வாழ்வும் அந்த மீனோடு பிணைந்தவை.

2020 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா தீர்ப்புச் சொன்னார். மீன் தப்பித்தால் காட்டுச் சால்மனுக்கு என்ன கெடுதல் வரும் என்பதை அந்த இலாகா சரிவர ஆராயவில்லை என்பது அவர் முடிவு. ஆனால் அனுமதியை அவர் ரத்து செய்யவில்லை. மறுபடியும் ஆராயச் சொன்னார்.

கணக்கு உதைத்தது

பல பெரிய கடைகள் இந்த மீனை விற்க மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டன. தரையில் தொட்டி கட்டி, மின்சாரத்தால் தண்ணீரைச் சுழற்றிச் சுத்தம் செய்து மீன் வளர்ப்பதற்கு ஏகப்பட்ட முதல் வேண்டும். சிறிய பண்ணையில் கட்டுப்படி ஆகாது.

அதனால் கம்பெனி, ஒகையோ மாநிலத்தில் ஆண்டுக்கு 10 ஆயிரம் டன் மீன் வளர்க்கும் பெரிய பண்ணையைக் கட்டத் தொடங்கியது. கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. 2023-ல் வேலையை நிறுத்தினார்கள். 2024-ல் இந்தியானா மாநிலத்துப் பண்ணையை விற்றார்கள். அந்த வருடக் கடைசியில் பிரின்ஸ் எட்வர்டு தீவுப் பண்ணைக்கும் முடிவு வந்தது.

1989-ல் முட்டைக்குள் மரபணு போனது. சாப்பாட்டு மேஜைக்கு மீன் வருவதற்கு 28 வருடம் ஆயிற்று. மேஜையில் அது இருந்தது ஏழே வருடம்!

மீன் வளரவில்லை என்பதால் கம்பெனி தோற்கவில்லை. மீன் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் தீனி, மின்சாரம், கட்டிடம், கோர்ட்டுச் செலவு, கடைக்காரரின் தயக்கம், வாங்குகிறவரின் சந்தேகம் இத்தனையும் எதிரே நின்றன. ஒரு ஹார்மோனைக் கூட்டி இவற்றில் ஒன்றையும் குறைக்க முடியவில்லை.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

நார்வே நாட்டார் வேறு வழியில் போனார்கள். 1970-களின் தொடக்கத்திலிருந்து, நன்றாக வளரும் மீன்களையே பொறுக்கி எடுத்து அவற்றின் குஞ்சுகளை வளர்த்தார்கள். நல்ல விதை நெல்லைப் பொறுக்கி வைப்பதைப் போல! ஐந்து தலைமுறை இப்படிப் பொறுக்கியபின் சோதித்தார்கள். காட்டுச் சால்மனைவிட இரு மடங்குக்கு மேல் வேகமாக வளர்ந்தது. தின்றது சுமார் 40 சதவீதம்தான் அதிகம். அதாவது, தின்ற தீனியை வீணாக்காமல் சதையாக நிறுத்திக்கொண்டது. மரபணு எதையும் புகுத்தவில்லை. இன்று நார்வே ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் சால்மன் வளர்க்கிறது. ஒட்டுண்ணித் தொல்லையும், மீன் தப்பிக்கும் தொல்லையும் அங்கேயும் இருக்கத்தான் செய்கின்றன.

ஜப்பானில் இன்னொரு வழி. சதை அளவுக்கு மீறி வளராமல் தடுக்க, உடம்பில் மயோஸ்டாட்டின் என்ற ஒரு ‘பிரேக்’ இருக்கிறது. செந்நிறக் கடல் பிரீம் மீனில் அந்தப் பிரேக்கை விஞ்ஞானிகள் நீக்கிவிட்டார்கள். சதை கூடுதலாகப் பிடித்தது. பபர் மீன் ஒன்றில், போதும் என்று உடம்பு சொல்லும் சேதி மூளைக்கு எட்டாதபடி செய்தார்கள். அது நிறையத் தின்று சீக்கிரம் வளர்ந்தது. 2021-ல் இந்த இரண்டு மீன்களையும் விற்பதற்கு ஜப்பானில் வழி திறந்தது.

இங்கேயும் பழைய கேள்விதான். பசி அடங்காத மீனுக்குத் தீனி போடுவது யார்? அந்தச் செலவு எங்கே போய் நிற்கும்?

அதே சுரப்பி, வேறு வேலை

ஹார்மோன் என்றதும் இந்தியாவில் பலர் பயப்படுகிறார்கள். மீனுக்கு ஊசி போடுகிறார்கள் என்று காதில் விழுந்தால், வளர்வதற்காகப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு; இது வேறு.

1957 ஜூலை 10-ந் தேதி ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி ஒரு சாதனை செய்தார். மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து சாறு எடுத்தார். அதைக் கெண்டை இன மீனுக்கு ஊசி மூலம் செலுத்தி முட்டையிட வைத்தார். அதுவரை ஆற்றில் குஞ்சு பிடித்து வந்துதான் குளத்தில் விடுவார்கள். அதன்பின் பண்ணையிலேயே குஞ்சு உற்பத்தி செய்ய முடிந்தது. அந்த நாளை ஒட்டித்தான் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதும் அதே பிட்யூட்டரியில்தான். ஆனால் சவுத்ரி போட்டது முட்டையிடச் செய்யும் ஹார்மோன். அது தாய் மீனுக்குப் போடுவது; சதையைப் பெருக்கப் போடுவது அல்ல. எந்த ஹார்மோன், எந்த மீனுக்கு, எதற்காக என்று மூன்று கேள்வி கேட்டால் பாதி பயம் தீரும். மீதிப் பாதிக்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டியது விற்கிறவரின் பொறுப்பு. சொல்ல வைப்பது சர்க்காரின் கடமை.

வேகம் வேறு, சிக்கனம் வேறு

இனி உலகத்துக்கு மீன் அதிகமாக வேண்டும். கடலில் பிடிப்பது ஓரளவுக்கு மேல் கூடவில்லை. ஆகவே பண்ணை மீன்தான் கை கொடுக்க வேண்டும். அந்த மீனைச் சீக்கிரம் வளர்ப்பதா, குறைந்த தீனியில் வளர்ப்பதா என்ற கேள்வி வருகிற ஆண்டுகளில் திரும்பத் திரும்ப எழும்.

வேகமும் சிக்கனமும் ஒன்று அல்ல. சம்பளம் கூடியதும் செலவையும் கூட்டிக்கொண்ட குடும்பத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வரவு இருக்கும் வரையில் வீடு கலகலப்பாக இருக்கும். ஒரு மாதம் சம்பளம் நின்றால், சிக்கனமாக வாழ்ந்த வீட்டைவிட அந்த வீடுதான் முதலில் தள்ளாடும். வேக மீனின் கதையும் அதுவே.

அதனால்தான் ஆராய்ச்சியாளர்களின் கவனம் இப்போது இடிக்கும் வேலையின் பக்கம் திரும்பியிருக்கிறது. எந்தத் தீனி கொடுத்தால் சதை குறைவாகக் கரையும்? எத்தனை நாள் விரதத்தை மீன் தாங்கும்? எந்தக் குடும்பத்து மீன் கட்டியதைக் காப்பாற்றிக்கொள்கிறது? பண்ணைக்காரருக்கு லாபமும், வாங்குகிறவருக்கு மலிவும் இந்தக் கேள்விகளின் பதிலில்தான் இருக்கின்றன.

எவ்வளவு வேகமாகக் கட்டினோம் என்று மட்டும் பார்த்தால் போதாது. கட்டியதில் எவ்வளவு நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.